தனி டம்ளர்

பதினொரு மணிக்கு மேல்தான் ரிசல்ட் கிடைக்கும் என்று நேற்றே சொல்லியிருந்தார்கள், ஒன்பது மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்தது குருவையாவின் அவசரம். வீட்டில் இருந்தாலும் இதே இருமல்தான், இதே நினைப்புத்தான், இங்கே என்றால் பார்க்க நாலு முகமாவது இருக்கும். கோவில்பட்டியில் பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, தனியாக ஓர் ஓட்டுக் கட்டடம், அதன் நீள வராந்தாவில் சளிப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்கார இரண்டு பெஞ்சு. நேற்று ஒரு டப்பா, இன்று விடிந்ததும் பல்கூடத் தேய்க்காமல் இருமி எடுத்த இன்னொரு டப்பா, இரண்டையும் கொடுத்தாயிற்று, இனி அவர் கையில் ஒன்றும் இல்லை. ஐந்து வாரமாக இருமல். முப்பத்தோரு வருஷம் மில்லில் பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு, அது இருமத்தான் செய்யும் என்று நாலு வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஐந்தாவது வாரம் சாயங்காலக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலை அவருக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே வீட்டில் இருந்து பழகின ஆள் மாதிரி, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. அதை மறுபடியும் சுமக்கப் பயமில்லை, அறுபத்தேழு வயசுக்கு இனி என்ன. பயம் வேறு. இன்று ஒன்றரை மணி பஸ்ஸில் சாத்தூரிலிருந்து மகள் ஜெயக்கொடி கிளம்புகிறாள், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டரை மாதம் ஆகிறது, அப்பா வீட்டில் பத்து நாள் இருக்க வருகிறாள். ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை என்றால் போகிற வழியில் தொட்டில் கம்பு வாங்கிக்கொண்டு போகலாம். இருக்கிறது என்றால் வராதே என்று போன் பண்ண வேண்டும், அது ஒன்றும் பெரிய காரியமில்லை, ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் சாத்தூரில் அவர் நாலு நாள் போய் இருந்துவிட்டு வந்திருக்கிறாரே, அந்த நாலு நாளும் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே, என்று நினைப்பு ஓடி அங்கே போய் முட்டியது, முட்டித் திரும்பி, எதிர்ச்சுவரில் இருந்த படத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

பெரிய படம், மேலே நோய்கள் எப்படிப் பரவுகின்றன என்று சிவப்பில் எழுதி, கீழே வரிசையாக ஐந்து கட்டம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் குருவையா, அதனாலேயோ என்னவோ எழுத்தென்று எதைக் கண்டாலும் விடமாட்டார், கடலை மடித்து வந்த தாளைக்கூட நீவிப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவார். முதல் கட்டத்தில் ஒரு குழாய், ஒரு குடம், தண்ணீர் மூலம், மஞ்சள் காமாலை, காலரா, டைபாய்டு. மில் லைன் வீடுகளில் பதினாறு குடும்பத்துக்கு ஒரே கிணறு, ஒரு வருஷம் வரிசையாக எல்லார் கண்ணும் மஞ்சளாகப் போனபோது அவர் மனைவி வெயிலுகந்தாள் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கொதிக்க வைத்து, வீட்டில் எதைக் குடித்தாலும் அடுப்புப் புகை வாசம் அடித்தது. உகந்தா என்றுதான் அவர் கூப்பிடுவார், அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் எங்காவது புகை படிந்த தண்ணீர் வாயில் பட்டால் உகந்தா என்று நாக்கு அசைகிறது. இரண்டாவது கட்டத்தில் ஒரு கொசு, கோழி அளவுக்கு வரைந்திருந்தார்கள், மலேரியா, டெங்கு. மலேரியாக் குளிரில் அவர் தூக்கித் தூக்கிப் போட்டபோது வீட்டிலிருந்த போர்வை, சாக்கு, அவளுடைய கல்யாணச் சேலை எல்லாவற்றையும் போர்த்தியும் நடுக்கம் நிற்காமல், கடைசியில் அவளே மேலே ஏறிக் குறுக்கே படுத்துக்கொண்டு, இப்ப ஆடுங்க பாப்போம் என்றாள். அந்தப் பாரத்தை நெஞ்சு இன்னும் வைத்திருக்கிறது. மூன்றாவதில் ஈ மொய்க்கிற பலகாரத் தட்டு. நான்காவதில் இரண்டு கை, தொடுவதால், கண்வலி, சொறி. பக்கத்து லைன் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் மெட்ராஸ் ஐயோடு போனார்கள், நேருக்கு நேர் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நம்பிய காலம், கறுப்புக் கண்ணாடி வாங்க வழியில்லாமல் பந்தியில் இரண்டு பேரும் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு, இலையைப் பார்த்தபடியே மொய் வைத்து, பொண்ணு கறுப்பா சிவப்பா என்று தெரியாமலே திரும்பி வந்தார்கள். தொட்டால்தான் வரும் என்று இதில் போட்டிருக்கிறது, அப்படியானால் அன்றைக்குப் பெண்ணைப் பார்த்திருக்கலாம். மாஸ்க்குக்குள் சிரிப்பு வந்து, சிரிப்போடு இருமல் வந்து, இருமலை அடக்கி நிமிர்ந்தபோது ஐந்தாவது கட்டம் தெரியவில்லை. அந்த இடத்தில் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் தலை இருந்தது, நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாரிய பெரிய தலை.

குருவையா கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தத் தலையும் இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்த்தார். “என்ன அண்ணாச்சி, ரொம்ப நேரமா என் தலையையே பாத்துக்கிட்டு இருக்கீக? பேன் ஏதும் ஓடுதா?” என்றான் அவன். இல்லைப்பா, படத்தைப் படிக்கிறேன் என்றதும், “படம் எங்கயும் போகாது, அஞ்சு மாசமா நானும் பாக்கேன், அந்தக் கொசு மட்டும் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கு” என்றான். பெயர் கொம்பையா, பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர், ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறானாம், இன்னும் ஒரு மாதம் பாக்கி, மாத்திரை வாங்க வந்திருக்கிறான். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார் குருவையா, கேட்டபிறகு கேட்டிருக்க வேண்டாமோ என்று இருந்தது. “முதல்ல நிறுத்தினாரு எங்க மொதலாளி. நான் வீசுற பரோட்டாவுல கிருமி போயிருமாம். அந்தக் கல்லுல எறும்பு ஏறினாலே கருகிப் போகும், கிருமி உக்காந்து சால்னா ஊத்திச் சாப்பிடுமாக்கும். இவரு கல்லாவுல உக்காந்து ஊருக்கே இருமுவாரு, அதுல ஒண்ணும் போகாதாம். ரெண்டு மாசம் மாத்திரை தின்னுட்டு, சளி சுத்தமாயிருச்சுன்னு சீட்டு வாங்கிக் காமிச்ச பிறகுதான் மறுபடி சேத்தாரு. ரெண்டு மாசமும் அவரே பரோட்டா போட்டாரு அண்ணாச்சி, பாதிப் பேரு கடை மாறிட்டான். அதுக்குத்தான் என்னைய வெத்தலை பாக்கு வைக்காத குறையாக் கூப்பிட்டாரு.” பெஞ்சில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். குருவையாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே, அவரே எதிர்பாராமல், வீட்டில் தட்டு டம்ளரெல்லாம் தனியாக வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

ஏன் அதைக் கேட்டார். ஏனென்றால் அவருடைய நோய் என்பது அவருக்கு ஒரு டம்ளர். மற்றவர்களுக்கு ஊசி, மாத்திரை, எக்ஸ்ரே, அவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர், அடியில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, புரட்டாசியில் இருமத் தொடங்கி கார்த்திகையில் நெஞ்சைப் படம் எடுத்தபோது மில் டிஸ்பென்சரி டாக்டர் சொன்னார், தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், எச்சில் படக்கூடாது, ஜாக்கிரதை. உகந்தா தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பத்தொன்பது வயசு அவளுக்கு. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஆணியை எடுத்து டம்ளரின் அடியில் கீறினாள், சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மற்ற பாத்திரங்களோடு சேராமல் ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்த்தாள். லைனில் இருந்த பெரிய மனுஷிகள் வந்து பனி ஆகாது, பனிக்காற்று நெஞ்சில் இறங்கினால் ஆளே போய்விடும் என்று சொல்லிப் போனார்கள், அதனால் அந்த ஒரே ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் சாக்குத் துணியைத் திணித்து, கதவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தாள். பத்துக்குப் பத்து அறை. தனிப் பாய்தான், ஒரு பாய்க்கும் இன்னொரு பாய்க்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். மில்லில் ஆறு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். அவள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கட்டை என்கிற மரச்சட்டங்களை எடுத்துவந்து வீட்டிலேயே குச்சி அடுக்கினாள், சட்டத்தின் பள்ளத்தில் ஒவ்வொரு குச்சியாக, விரல் நகருகிறதே தெரியாது, குச்சிதான் தானாகப் போய் உட்காருகிற மாதிரி இருக்கும். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு அவளுக்குப் பாடினார். மார்கழி பஜனையில் பாடுகிற குரல் அவருக்கு, மெல்லப் பாடத் தெரியாது. பாட்டு தீர்ந்துபோனால் சொந்தமாகக் கட்டிப் பாடுவார், ஸ்பின்னிங் மாஸ்டர் நடக்கிற நடையைப் பாட்டாக, டைம் கீப்பர் மூக்குப்பொடி போடுவதைப் பாட்டாக, அவள் சிரித்துச் சிரித்துச் சட்டத்தை நழுவவிட்டுக் குச்சியெல்லாம் தரையில் சிதறும். “உங்க வாயி சும்மா இருந்தா இன்னும் ரெண்டு கட்டை கூட ஓடும்” என்பாள், “நிறுத்தட்டுமா” என்றால், “யாரு நிறுத்தச் சொன்னா” என்பாள். பெண் பார்த்த அன்று அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, கல்யாணத்தன்று கூட்டம், அப்புறம் ஷிப்டு, ஷிப்டு, ஷிப்டு. அந்த அறையில், அந்த ஆறு மாதத்தில்தான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. இருமலும் காய்ச்சலும் இடுப்பில் ஊசியும் சேர்ந்த அந்தக் காலத்தை நல்ல காலம் என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நல்ல காலம் என்றால் அதுதான், வாழ்க்கையில் வேறெதையும் அப்படி அவரால் நினைக்க முடியவில்லை. இருமும்போது மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். அந்த டம்ளரில் அவள் வாய் வைக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

அவருக்குச் சரியாகி மில்லுக்குத் திரும்பி ஒரு வருஷம் போயிருக்கும், அவள் இருமத் தொடங்கினாள். அதே சாயங்காலக் காய்ச்சல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வந்துவிட்டது என்றார், அத்தனை சொல்லியும் எச்சில் பட்டிருக்கிறது என்றார். குருவையா இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான்” என்றாள். அவர் குடித்துவிட்டு அடியில் மிச்சம் வைக்கிற காப்பியை அவள் குடித்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்த ஆறு மாதமும். எதுக்குடி என்று ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்தினார். “உங்க காப்பி. கீழ ஊத்த மனசு வரல” என்றாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினார், சரி விடு, நடந்தது நடந்துபோச்சு என்றார், மன்னித்துவிட்டேன் என்று அந்த வார்த்தையைச் சொல்லவில்லையே தவிர அதன் பெருமை முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஒரு பக்க நெஞ்சு சுருங்கிப்போனது போனதுதான். குடம் தூக்கினால் மூச்சு வாங்கும். ஜெயக்கொடியை வயிற்றில் சுமந்த ஏழாம் மாதத்திலிருந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். கழுகுமலைக்குப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள், அவர் மேல்படியில் நின்றுகொண்டு, “காப்பி ஏறவிட மாட்டேங்குதாக்கும்” என்பார், அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். நாள் போகப் போக அது வீட்டில் ஒரு கதையாகவே ஆகிவிட்டது, வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற கதை, ஒரு வாய்க் காப்பிக்கு ஒரு நெஞ்சைக் கொடுத்தவள் இவள் என்று அவர் ஆரம்பிப்பார், ஜெயக்கொடி சின்னப் பிள்ளையிலேயே முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லுவாள், அம்மா குரலில் உங்க காப்பி என்று இழுத்து. கடைசியில் நிமோனியா வந்து, சுருங்கின நெஞ்சு தாங்காமல் அவள் கிடந்தபோது, மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, “அந்தக் காப்பிய மட்டும் நான் குடிக்காம இருந்திருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல” என்றாள். அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் என்று சொல்லி அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல புருஷன்.

“தனி டம்ளரா?” கொம்பையா கேட்டான். எவ்வளவு நேரத்துக்குப் பிறகு கேட்டான், இல்லை, உடனேதான் கேட்டிருப்பான், நாற்பது வருஷம் போய்வர அவருக்கு இரண்டு மூச்சுத்தான் ஆகிறது. “எங்க வீட்டுக்காரியும் முதல்ல அப்படித்தான் வச்சா. இங்க மாத்திரை குடுக்கிற எப்சிபா மேடம் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டுச்சு. டம்ளர்ல ஒண்ணும் இல்ல, தட்டுல ஒண்ணும் இல்ல, எல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு, முதல்ல ஜன்னலைத் திறங்கன்னுச்சு” என்றான். உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். “வாரேன் அண்ணாச்சி” என்று எழுந்தான், தலை விலகியது, சுவரில் ஐந்தாவது கட்டம் இருந்தது.

அதில் ஒரு மனிதன் வாயைத் திறந்திருந்தான், வாயிலிருந்து புள்ளி புள்ளியாகக் கிளம்பி எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மூக்குவரை போயிருந்தது. காற்றின் மூலம். காசநோய், இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமல்ல, நோயாளி பேசும்போதும், சிரிக்கும்போதும், பாடும்போதும் பரவுகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் கிருமிகள் நெடுநேரம் மிதக்கும். பாத்திரங்களைப் பகிர்வதால் பரவாது. குருவையா அதை ஒரு முறை படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கத்தில் உதடு அசைய இன்னொரு முறை படித்தார். பரவாது என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது, அதைத் தாண்ட வரவில்லை, திரும்பிப் போய்ப் பாடும்போதும் என்ற இடத்தில் நின்றது. சாக்குத் துணி திணித்த ஜன்னல். கதவுக்கு அடியில் சுருட்டிய வேட்டி. அவளேதான் சுருட்டி வைத்தாள், சின்ன இடுக்குக்கூட இல்லாமல், அவருக்குப் பனி ஆகாது என்று. டம்ளரை வெந்நீரில் கழுவிக் கழுவித் தனியாகக் கவிழ்த்துவிட்டு, அந்த அறைக்குள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்து மூச்சு விட்டாள். அவர் பாடினார். மெல்லப் பாடத் தெரியாது. ஸ்பின்னிங் மாஸ்டரின் நடையைப் பாடினார், மூக்குப்பொடியைப் பாடினார், அவள் சிரித்தாள், சிரிக்கிறவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துத்தானே மறுபடி சிரிப்பாள். யாரு நிறுத்தச் சொன்னா என்றாள். அப்படியானால் காப்பி. காப்பியில் ஒன்றுமே இல்லை. அடியில் ஒரு வாய், ஆறிப்போனது, அவள் அதைக் குடித்தாள், அவ்வளவுதான், அதில் ஒன்றுமே இல்லை. முப்பது வருஷம் கழுகுமலைப் படியில் வெட்கப்பட்டுச் சிரித்தாளே, எதற்கு. அந்த நல்ல காலத்தை, யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த ஆறு மாதத்தை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை, குச்சி சிதறிய சத்தம்கூட அப்படியே இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. செய்தது அவர். மன்னித்ததும் அவரா. மாஸ்க்குக்குள் மூச்சு சூடாக வந்து வந்து முகத்தில் அடித்தது, இந்த மூச்சுத்தான், இதேதான், என்று நினைத்ததும் நினைப்பு இத்தனை நேரம் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராகப் போய்விட்டது. சாத்தூர். நாலு நாள். குழந்தைக்குக் குளிரும் என்று சம்பந்தியம்மா எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருந்த அந்த உள் அறை. அவர் எச்சில் விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தார், பிள்ளைக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை, பால் புகட்டுகிற சங்கைத் தொடவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, அந்தச் சின்ன முகத்துக்கு நேரே ஒரு முழ தூரத்தில், கிழக்குரலில் பாடினார். பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“குருவையா யாரு?” எப்சிபா மேடம் கூப்பிட்டாள். முப்பது வயசிருக்கும், நெற்றியில் பொட்டில்லாத, கண்ணாடி போட்ட பெண், மேஜையில் இரண்டு நோட்டுப் புத்தகம், ஜன்னல் மூன்றும் அகலத் திறந்து மின்விசிறி வெளிப்பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. “உக்காருங்க ஐயா. சளியில கிருமி இருக்கு” என்றாள், பயப்படாதீங்க, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும், முன்னால் ஒரு தடவை இதே நோய் வந்ததால் இன்னும் ஒரு பரிசோதனை எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், எதுவும் அவருக்குப் புதிதாக இல்லை. பிறகு ஒரு தாளை எடுத்தாள். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை, மனைவி இறந்துவிட்டாள். எழுதிக்கொண்டாள். “இந்த ரெண்டு மூணு மாசத்துல யாராவது கூடத் தங்கினாங்களா? இல்ல நீங்க எங்கயாவது போயித் தங்கினீங்களா? முக்கியமா ஆறு வயசுக்குள்ள பிள்ளைங்க?” பேனா நின்று காத்திருந்தது. இல்லை என்று ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் இந்தத் தாள் இங்கேயே முடிந்துவிடும், சாத்தூருக்கு யாரும் போகமாட்டார்கள், சம்பந்தியம்மா தெருவுக்கே கேட்க, அப்பன் வீட்டுச் சீதனம் இப்பத்தான் வந்து இறங்கியிருக்கு என்று சொல்லமாட்டாள், ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாததற்குக் கேட்ட பேச்சை மகள் மறுபடி கேட்க வேண்டாம். பிள்ளைக்கு ஒன்றும் வராமல்கூடப் போகலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. உகந்தாவுக்கும்தான் தெரியவில்லை, தெரியாமலேயே போய்விட்டாள், தன் வாய்தான் காரணம் என்று கடைசி மூச்சில்கூட. “இருக்கு” என்றார். “பேத்தி. சாத்தூர்ல. ரெண்டரை மாசம். நாலு நாள் இருந்தேன். பக்கத்துல உக்காந்து பாடினேன்.” எப்சிபா மேடம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். “பிறந்ததும் ஊசி போட்டிருப்பாங்க, அது ஒரு காவல். ஆனாலும் பிள்ளையைப் பாத்துறணும். நோய் இல்லைன்னா வராம இருக்க ஆறு மாசம் மாத்திரை கரைச்சுக் குடுப்போம். அப்படிக் குடுத்த பிள்ளைங்க நல்லா ஓடியாடித் திரியுது. மறைச்ச வீட்டுலதான் எங்களுக்குக் கஷ்டம். சீக்கிரம் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நாலு மணி வரைக்கும் டாக்டர் இருப்பாரு.”

வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்தில் நின்று போன் போட்டார். ஜெயக்கொடி எடுத்ததும், “அப்பா, துணியெல்லாம் மடிச்சிட்டேன், உங்க பேத்தி இப்பத்தான் குளிச்சிட்டு ராணி மாதிரி படுத்திருக்கா” என்றாள். இருமல் என்று தெரியும், ஆஸ்பத்திரி போனது அவளுக்குத் தெரியாது. சொன்னார். நேராகச் சொல்லிவிட்டார், சுற்றி வளைக்கத் தொடங்கினால் சொல்லாமலேயே வைத்துவிடுவோம் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் அவள் எழுந்து தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேகமாக, “எச்சில் ஏதும் படலையேப்பா? நீங்க முத்தம்கூடக் கொடுக்கல. சங்கை நீங்க தொடவே இல்லை, நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். டம்ளர்கூட எங்க அத்தை உங்களுக்குன்னு தனியாத்தான் வச்சிருந்தாங்க. அப்ப ஒண்ணும் வராதுல்ல? அம்மா மாதிரி காப்பியக் குடிச்சாத்தான வரும்?” என்றாள். அவருக்காகத்தான் கேட்கிறாள் என்று தோன்றியது, அவர் ஆமாம் சொல்வதற்கு வழி விட்டுத்தான். அந்தக் கதையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தானே.

“எச்சில்ல இல்லம்மா” என்றார் குருவையா. “மூச்சுல. பேசினா, சிரிச்சா, பாடினா. பாப்பா பக்கத்துல உக்காந்து நான் பாடுனேன்ல.”

“அப்ப அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கும் அப்படித்தான். காப்பியில ஒண்ணுமே இல்லையாம். நான்தான்.”

போனில் மிக்ஸி ஓடி நின்ற சத்தம், சம்பந்தியம்மா யாரையோ அதட்டுகிற சத்தம். ஜெயக்கொடி மூக்கை உறிஞ்சினாள்.

“இது அம்மாவுக்குத் தெரியுமாப்பா?”

“எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

அவள் திட்டுவாள் என்று நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. “ஒண்ணரை பஸ் வேண்டாம்” என்றாள் ஜெயக்கொடி, “பன்னெண்டுக்கு ஒண்ணு இருக்கு, அதுல தூக்கிட்டு வாரேன். அத்தைகிட்ட நானே சொல்லிக்கிடுறேன், நீங்க அவுககிட்ட ஒண்ணும் பேசாதீக.” வைத்துவிட்டாள். குருவையா திரும்பி எப்சிபா மேடத்தின் ஜன்னலுக்கு வெளியே போய், எட்டியே நின்று, பிள்ளை வரும்போது நான் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார். அவள் எழுதுவதை நிறுத்தி, பேனாவால் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த வெட்டவெளியைக் காட்டினாள், “அங்க நில்லுங்க, மாஸ்க்கைக் கழட்டாதீங்க, தள்ளி நின்னு நல்லாப் பாத்துக்கோங்க” என்றாள். உச்சிக்கு ஏறுகிற வெயில். அவர் நடுவில் போய் நின்று, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, இடுப்பு உயரத்திலிருந்து மெல்ல விட்டார். மண் கீழே விழுந்தது, அதிலிருந்த பொடி மட்டும் காற்றோடு, கேட்டுக்கு எதிர்ப்பக்கம், கிழக்கே மதிலைப் பார்த்துப் போனது. குருவையா கையைத் தட்டிக்கொண்டு கிழக்கே, மதில் ஓரமாகப் போய், ஆஸ்பத்திரி கேட்டைப் பார்க்க நின்றுகொண்டார்.